விரைந்து முடித்தலும் நின்று ஆடுதலும் (இணைய விளையாட்டு)

விரைந்து முடித்தல், நின்று ஆடுதல் என்பன, பலர் ஒரே நேரத்தில் ஆடும் இணையக் கணினி விளையாட்டுகளின் உள்ளடக்கத்தை ஆட்டக்காரர் கடந்து செல்லும் இருவேறு முறைகள் ஆகும். ஊர்கள், கதைகள், பணிகள், நிலவறைகள், எதிரிகள், பரிசுப் பொருள்கள் என விளையாட்டை உருவாக்கியோர் படைத்து வைத்திருக்கும் அனைத்தும் இங்கு உள்ளடக்கம் எனப்படும். முதல் முறையில் ஆட்டக்காரர் மிகக் குறுகிய வழியைத் தேர்ந்து, கதையைத் தாண்டி, இறுதி நிலையை எட்டுவதையே குறியாகக் கொள்வார். இரண்டாவது முறையில் அவர் நண்பர்களின் வேகத்துக்கு ஏற்ப, வழியில் உள்ளவற்றைப் பார்த்தும் பேசியும் மெதுவாகச் செல்வார்.

தனியாக ஆடும் விளையாட்டில் இது அவரவர் விருப்பம் மட்டுமே. ஒரு புதினத்தை ஒரே இரவில் படித்து முடிப்பவரால், அதை ஒரு மாதம் வைத்துப் படிப்பவருக்கு இழப்பு ஏதும் இல்லை. இணைய விளையாட்டு பந்தியைப் போன்றது. பக்கத்து இலைக்காரர் உண்டு முடிக்கும் முன்பே ஒருவர் இலையை மூடி எழுந்துவிட்டால், உட்கார்ந்திருப்பவருக்கும் உணவு இறங்குவதில்லை. ஒருவரது வேகம் மற்றவரது விளையாட்டையும் மாற்றிவிடுகிறது என்பதாலேயே கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக விளையாட்டு வடிவமைப்பாளர்கள் இச்சிக்கலுக்கு விதவிதமான தீர்வுகளைத் தேடி வந்துள்ளனர்.

சொல்லும் பொருளும்

தமிழ் ஆட்டக்காரர் பேச்சில் விரைந்து முடித்தல் 'ரஷ் பண்ணுதல்' எனப்படுகிறது. 'நின்று ஆடுதல்' துடுப்பாட்டத்திலிருந்து வந்த வழக்கு. ஓட்டங்களுக்கு அவசரப்படாமல் களத்தில் நிலைத்திருக்கும் மட்டையாளரை 'நின்னு ஆடுறான்' என்பர். இக்கட்டுரையில் அச்சொல் அப்பொருளிலேயே ஆளப்படுகிறது.

இவ்விடத்தில் 'ஸ்பீட்ரன்' என்பதை விலக்கிப் பார்க்க வேண்டும். அது, முன்பே நன்கறிந்த ஒரு விளையாட்டைக் கடிகாரத்துக்கு எதிராக மீண்டும் மீண்டும் ஆடும் தனி வகைப் போட்டி. அதை ஆடுபவர் அவ்விளையாட்டின் ஒவ்வொரு மூலையையும் மனப்பாடமாக அறிந்திருப்பார். ஆகவே உண்மையில் அவர் நின்று ஆடுபவர்களுக்கே நெருங்கியவர் எனலாம்.

உள்ளடக்கம் தீர்ந்து போதல்

ஒரு நிலவறையை உருவாக்க ஓவியர், நிரலாளர், எழுத்தாளர், இசையமைப்பாளர், சோதனையாளர் எனப் பலர் மாதக்கணக்கில் உழைக்கின்றனர். ஆடுபவர் அதைச் சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறார். இந்த ஏற்றத்தாழ்வை எந்த நிறுவனமும் ஆள் சேர்ப்பதால் மட்டும் சரிசெய்ய இயலவில்லை. மென்பொருள் துறையில் இருப்போருக்கு இது புதிதன்று. ஆறு மாதம் எழுதிய வசதியைப் பயனர் ஆறு நொடியில் கடந்து, 'அடுத்து என்ன?' என்று கேட்பது அங்கும் அன்றாட நிகழ்வே.

இதற்குப் பலரும் சுட்டும் எடுத்துக்காட்டு, பிலிசார்ட் நிறுவனத்தின் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட். இது 2004 நவம்பர் 23 அன்று வட அமெரிக்காவில் வெளியானது. அதன் மோல்டன் கோர் எனும் எரிமலை நிலவறையில் நாற்பது பேர் கூடி வீழ்த்த வேண்டிய ராக்னரோஸ் முதன்முறையாக வீழ்ந்தது 2005 ஏப்ரலில், அதாவது ஐந்து மாதங்கள் கழித்து. அதே விளையாட்டின் பழைய வடிவம் 'கிளாசிக்' என்ற பெயரில் 2019 ஆகத்து இறுதியில் மீண்டும் வெளியிடப்பட்டபோது, ஏப்ஸ் என்ற குழாம் ஒரு வாரத்துக்குள் ராக்னரோசை வீழ்த்திவிட்டது. அப்போது குழாத்தினருள் அனைவரும் இறுதி நிலையான அறுபதைக் கூட எட்டியிருக்கவில்லை.

எதிரி பெரிதும் மாறிவிடவில்லை. மாறியது ஆட்டக்காரரின் அறிவு. பதினைந்து ஆண்டுகளில் ஒவ்வொரு பணியும் ஒவ்வொரு எண்ணும் இணையத்தில் எழுதி வைக்கப்பட்டுவிட்டன. மேலும் 2019 வெளியீடு, மூல விளையாட்டு பலமுறை திருத்தப்பட்ட பின்னர் வந்த 1.12 பதிப்பை அடிப்படையாகக் கொண்டிருந்ததால், கதைமாந்தர் தொடக்கத்திலிருந்தே கூடுதல் வலிமை பெற்றிருந்தனர். 2004இல் ஒருவர் வழி தெரியாமல் காட்டில் அலைந்த நேரமே அவ்விளையாட்டின் பெரும்பகுதியாக இருந்தது என்பது அதன் பிறகே பலருக்கு விளங்கியது.

காத்திருப்பும் உரையாடலும்

பல்பயனர் விளையாட்டுகளின் முன்னோடியாகிய மட்1, 1978இல் இங்கிலாந்தின் எசெக்சு பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்சா, ரிச்சர்டு பார்ட்டில் ஆகிய மாணவர்களால் தொடங்கப்பட்டது. அது முற்றிலும் எழுத்தால் ஆனது. வரைகலையுடன் பெருந்திரளானோரை ஈர்த்த எவர்குவெஸ்ட் 1999 மார்ச்சில் வெளியானது.

எவர்குவெஸ்ட் மெதுவாக ஆடும்படி ஆட்டக்காரரைக் கட்டாயப்படுத்தியது. பெரும்பாலான கதைமாந்தர் தனியாக எதையும் வீழ்த்த இயலாது, குழு வேண்டும். இறந்தால் ஈட்டிய அனுபவப் புள்ளிகளில் ஒரு பகுதி போய்விடும். ஒவ்வொரு சண்டைக்குப் பின்னும் மந்திரவாதிகள் தம் ஆற்றலை மீட்கத் தரையில் அமர்ந்து காத்திருக்க வேண்டும். தொடக்க நிலைகளில் அப்போது அவர்களது மந்திர நூல் திரையையே மறைத்துவிடும், சுற்றி நடப்பது எதுவும் தெரியாது. ஒரு கண்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லக் கப்பலுக்குக் காத்திருந்து, ஏறிய பின்னும் பல நிமிடங்கள் கடலில் பயணிக்க வேண்டும்.

இவையெல்லாம் சலிப்பூட்டுபவை என்ற குறை அன்றே இருந்தது. ஆனால் செய்வதற்கு வேறு ஏதும் இல்லாத அந்த நிமிடங்களில்தான் மக்கள் ஒருவரோடொருவர் பேசினர். ஊர், வேலை, பிள்ளைகள், பனிப்பொழிவு என எல்லாம் அரட்டைப் பெட்டியில் வந்தன. 2002 அக்டோபரில் வெளியான விரிவாக்கத் தொகுப்பு, பல ஊர்களுக்கு நொடியில் செல்லும் வாயில்களைத் தந்தது. கப்பல்கள் வெறிச்சோடின. பயணம் எளிதானதை அனைவரும் வரவேற்றனர். கப்பல் தளத்துப் பேச்சு போனதைப் பலர் பின்னரே உணர்ந்தனர்.

தமிழ் மரபில் இதற்கொப்பான ஓர் ஆட்டம் உண்டு. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்திருப்பதற்காகப் பரமபதம் ஆடுவர். தொண்ணூற்றொன்பதாம் கட்டத்துக்கு அருகில் பெரிய பாம்பை வரைந்தவர், ஆட்டம் விரைவில் முடிந்துவிடக் கூடாது என்பதை நன்கறிந்தவராகவே இருக்க வேண்டும்.

உறங்குபவரின் கதை

ஒருவரது விரைவு மற்றவரது உள்ளடக்கத்தை நிலையாக அழித்துவிட்ட நிகழ்வும் எவர்குவெஸ்டில் உண்டு. 2000 திசம்பரில் வெளியான விரிவாக்கத் தொகுப்பில் கெராஃபிர்ம் எனும் கடவுநாகம் ஒரு கல்லறையில் உறங்குவதாக அமைக்கப்பட்டிருந்தது. அதை நான்கு காவலர் காத்தனர். நால்வரையும் வீழ்த்தினால் நாகம் விழித்தெழுந்து, வழியில் தென்பட்டோரையெல்லாம் கொன்றுவிட்டு மறைந்துபோகும். ஒவ்வொரு வழங்கியிலும் இது ஒரே ஒரு முறைதான் நிகழும். விழித்தபின் அந்தக் காவலர் மீண்டும் தோன்றார். அவரிடமிருந்து கிடைக்கும் அரிய பொருள்களும் அந்த வழங்கியில் இருந்த எவருக்கும் அதன் பின் கிட்டா. ஆகவே முந்திச் சென்ற ஒரு குழாம் நாகத்தை எழுப்பிவிட்டால், பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கானோருக்கு அக்கதவு மூடப்பட்டுவிடும்.

நாகத்தைக் கொல்ல இயலாது என்பதே பொது நம்பிக்கை. 2003 நவம்பரில், ஆட்டக்காரர் தமக்குள் சண்டையிடுவதற்கென்றே அமைந்த ராலோஸ் செக் வழங்கியில், அதுவரை உறக்கம் கலையாதிருந்த நாகத்தை எழுப்பி ஏறத்தாழ இருநூறு பேர் எதிர்கொண்டனர். இவர்கள் ஒருவரோடொருவர் போட்டியிட்டுவந்த மூன்று குழாங்களைச் சேர்ந்தவர்கள். முதல் முயற்சியின் நடுவில் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் நாகத்தை அகற்றிவிட்டனர். எதிர்ப்பு எழவே, சோனி ஆன்லைன் நிறுவனம் வருத்தம் தெரிவித்து மறுவாய்ப்பு அளித்தது. இரண்டாம் முறை, சுமார் மூன்று மணி நேரப் போருக்குப் பின் நாகம் மாண்டது. அதன் உடலில் பொருள் ஒன்றுமே இல்லை. ஒருவரும் கொல்லமாட்டார் என்று எண்ணியதால் வடிவமைப்பாளர் எதையும் வைக்கவில்லை போலும். விரைந்து முடிப்போர் பரிசுக்காகவே ஆடுகின்றனர் என்ற பொதுக் கருத்துக்கு இந்நிகழ்வு பொருந்தவில்லை.

இந்தியாவிலும் சென்னைப் புறநகரிலும்

வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் போன்ற மாதச் சந்தா விளையாட்டுகளுக்குப் பன்னாட்டுக் கடனட்டையும் நிலையான இணைப்பும் தேவைப்பட்டதால், 2000களில் இந்தியாவில் அவற்றை ஆடியோர் மிகச் சிலரே. தமிழ்நாட்டில் அக்காலத்தில் இணைய விளையாட்டு என்றால் பெரும்பாலும் பிரவுசிங் சென்டர் எனப்படும் இணைய உலாவகம்தான்.

சென்னையின் தெற்குப் புறநகரான சேலையூர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில் அமைந்துள்ள இவ்வூரில் பாரத் பல்கலைக்கழகமும், அருகே கிழக்குத் தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் உள்ளன. விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் மாணவர் நிறைந்த இத்தகைய பகுதிகளில், மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் உலாவகங்களே விளையாட்டுக் களங்களாக இருந்தன. கடைக்குள்ளேயே கணினிகளை இணைத்துக் கவுன்டர் ஸ்டிரைக், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் போன்றவை ஆடப்பட்டன.

இங்கே வேகத்தைத் தீர்மானித்தது கடிகாரம். கையில் ஒரு மணி நேரத்துக்கான பணம் மட்டும் இருந்தால் கதை கேட்டு நிற்க எவருக்கும் மனம் வராது. அதே வேளையில், நண்பர் அனைவரும் ஒரே வரிசையில் அமர்ந்திருந்ததால் ஒருவர் மட்டும் முந்திச் செல்ல வழியும் இல்லை. பணம் தீரும்போது எல்லோரும் ஒன்றாகவே எழுந்தனர். விரைவும் தோழமையும் ஒரே இடத்தில் இருந்த சூழல் இது. மேலைநாட்டு விளையாட்டுக் கட்டுரைகள் இவ்விரண்டையும் எதிரெதிராக வைப்பதைப் படிக்கும் தமிழ் வாசகர் இதை நினைவிற் கொள்வது நல்லது.

2000களின் நடுப்பகுதியில் லெவல் அப் நிறுவனம் கொரிய விளையாட்டான ராக்னராக் ஆன்லைனை இந்தியாவில் நடத்தியது. நண்பர் குழுக்களை ஒருவரது வேகம் எப்படிப் பிரிக்கும் என்பதற்கு இவ்விளையாட்டின் விதி ஒன்று தெளிவான சான்று. குழுவாகச் சேர்ந்தோர் அனுபவப் புள்ளிகளைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் குழுவினரின் நிலைகளுக்கு இடையிலான வேறுபாடு குறிப்பிட்ட எல்லைக்குள் இருந்தால் மட்டுமே. வீட்டில் கணினி இருந்த ஒருவர் வார இறுதி முழுவதும் ஆடிவிட்டு வந்தால், திங்கட்கிழமை அவரால் தம் நண்பருடன் சமப் பகிர்வில் சேர முடியாது. நண்பர் அவரை எட்டிப்பிடிக்கும் வரை அவர் காத்திருக்க வேண்டும், அல்லது வேறொரு குழுவைத் தேட வேண்டும். பெரும்பாலும் நடந்தது இரண்டாவதே.

வீட்டு இணைப்புகளுக்கும் தமக்கெனக் கடிகாரம் இருந்தது. பி.எஸ்.என்.எல். நிறுவனம் 2005 சனவரியில் டேட்டாஒன் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியபோது அதன் வேகம் விநாடிக்கு 256 கிலோபிட். பதிவிறக்க அளவுக்கு வரம்பு இருந்தது. ரூ. 500 மாத வாடகைத் திட்டத்தில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை பயன்படுத்துவது கணக்கில் சேராது. இரண்டு மணிக்கு எழுப்பொலி வைத்து எழுந்தவர்கள் இறக்கியவற்றில் திரைப்படங்களுக்கு அடுத்த இடம் விளையாட்டுக் கோப்புகளுக்கே. நள்ளிரவுக்குப் பின் ஆடுவோர், அதே திட்டத்தை வைத்திருந்த நண்பரை மட்டுமே அங்கே சந்திக்க இயலும் என்பதால், கட்டணத் திட்டமே குழுவையும் தேர்ந்தெடுத்தது.

2016க்குப் பின் மலிவான கைப்பேசித் தரவு இந்நிலையை அடியோடு மாற்றியது. 2018இல் வெளிவந்த பப்ஜி மொபைல் நால்வர் குழுவாக ஆடும் விளையாட்டு. அதில் கடந்து செல்லக் கதை எதுவும் இல்லை. ஆனால் 'ராயல் பாஸ்' எனும் பருவச்சீட்டு உண்டு. பணம் கட்டிச் சீட்டு வாங்கியவர், பருவம் முடிவதற்குள் குறித்த பணிகளைச் செய்து முடித்தால்தான் எல்லாப் பரிசுகளையும் பெறுவார். ஆகவே உள்ளடக்கம் தீராதபோதும் அவசரம் மட்டும் இருந்தது. இந்திய அரசு 2020 செப்டம்பர் 2 அன்று இவ்விளையாட்டையும் வேறு 117 செயலிகளையும் தடை செய்தது. அதன் இந்திய வடிவமான பி.ஜி.எம்.ஐ. 2021 சூலையில் வெளியாகி, 2022 சூலையில் முடக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் திரும்ப வந்தது. அவ்வாறு வந்தபோது பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமும் மற்றோருக்கு ஆறு மணி நேரமும் என வரம்பு விதிக்கப்பட்டது.

வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறைகள்

வரம்பை எப்படிச் சொல்வது என்பதே ஒரு கலை. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டின் சோதனைப் பதிப்பில், நீண்ட நேரம் தொடர்ந்து ஆடுபவருக்கு அனுபவப் புள்ளிகள் பாதியாகக் குறைக்கப்பட்டன. சோதித்தோர் அதை வெறுத்தனர். வடிவமைப்பாளர் கணக்கை ஏறத்தாழ அப்படியே வைத்துக்கொண்டு பெயரை மாற்றினர். குறைந்த அளவு 'வழக்கமானது' ஆயிற்று. முந்தைய முழு அளவு, ஓய்வெடுத்து வந்தவருக்குத் தரப்படும் 200 விழுக்காட்டுச் சலுகை ஆயிற்று. கதைமாந்தரைச் சத்திரத்தில் விட்டு வெளியேறினால், ஒவ்வொரு எட்டு மணி நேரத்துக்கும் ஒரு நிலையில் இருபதில் ஒரு பங்கு அளவுக்கு இச்சலுகை சேரும். அதன் பின் குறை கூறியோர் இல்லை. சீனாவில் 2005இல் அறிவிக்கப்பட்ட 'களைப்பு முறை' இதே செயலைத் தண்டனையாகவே வைத்திருந்தது. மூன்று மணி நேரத்துக்குப் பின் ஈட்டம் பாதி, ஐந்து மணி நேரத்துக்குப் பின் ஒன்றுமில்லை.

பெரிய நிலவறைகளுக்கு வாரம் ஒருமுறை என்ற பூட்டு மற்றொரு முறை. ஒரு தலைமை எதிரியை அந்த வாரம் வீழ்த்திவிட்டால் மறுவாரம் வரை பரிசு கிடையாது. விரைவோரை இது தடுத்தது; கூடவே, வாரம் தவறாமல் ஒரே நாளில் ஒரே நாற்பது பேர் கூடும் வழக்கத்தையும் உருவாக்கியது. 2007இல் வந்த நாள்தோறும் செய்யும் பணிகள் அத்தகைய வழக்கம் எதையும் உருவாக்கவில்லை. அவற்றைத் தனியாகவே செய்துவிடலாம்.

ஒரு வழங்கி முழுவதையும் ஒரே வேகத்தில் நகர்த்திய முயற்சி 2006 சனவரியில் நடந்தது. அன்கிராஜ் எனும் பாலைவனக் கோட்டையின் வாயில்கள் திறக்க, அவ்வழங்கியில் உள்ளோர் உலோகம், தோல், மூலிகை, சமைத்த உணவு, காயத்துக்குக் கட்டும் துணி ஆகியவற்றைப் பெரும் எண்ணிக்கையில் திரட்டித் தர வேண்டும். நேற்றுச் சேர்ந்தவர் தைத்த எளிய கட்டுத்துணியும் கணக்கில் சேர்ந்தது. அதே நேரத்தில், மிக நீண்ட பணித்தொடரை முடித்துச் செங்கோலைப் பெற்ற ஒருவர் வாயிலின் முன் உள்ள சேகண்டியை அடிக்க வேண்டும். அடித்ததும் பத்து மணி நேரப் போர் மூளும். பெருங்கூட்டம் தாங்காமல் வழங்கிகள் திணறி விழுந்தன. அந்த நெரிசலில் ஒன்றையும் பார்க்க முடியவில்லை என்போர் உண்டு. அவர்களும் அந்நாளில் அங்கிருந்ததைப் பெருமையாகவே சொல்வர்.

2009 திசம்பரில் வெளியான 3.3 பதிப்பு இதற்கு எதிர்த்திசையில் சென்றது. அதுவரை ஐவர் குழு சேர்க்க, ஊர்ச் சதுக்கத்தில் நின்று கூவி அழைத்து, நிலவறை வரை சென்று சேர வேண்டும். புதிய தானியங்கி முறையில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். வெவ்வேறு வழங்கிகளைச் சேர்ந்த முன்பின் அறியாத ஐவர் நிலவறைக்குள் கொண்டுவிடப்படுவர். நேரம் குறைவாக உள்ளோருக்கு இது பேருதவி. ஆயினும் மீண்டும் சந்திக்கப் போவதில்லை என்று அறிந்தவரிடம் எவரும் பொறுமை காட்டவில்லை. ஒரு வணக்கம் கூடச் சொல்லாமல் நிலவறைகள் முடிந்தன. 2022இல் இந்த விரிவாக்கத்தின் கிளாசிக் வடிவம் வெளியானபோது, ஆட்டக்காரரிடையே உறவைப் பேணும் பொருட்டு இம்முறை வேண்டுமென்றே விடப்பட்டது. 2023இல், கேட்போர் மிகுதியானதால், அது சேர்க்கப்பட்டது.

பிரிட்டோரியம்

விரைவோரும் நின்று ஆடுவோரும் நேருக்கு நேர் மோதிய களம் ஸ்குவேர் எனிக்ஸ் நிறுவனத்தின் பைனல் பேன்டசி 14 ஆகும். 2013இல் மறுபிறப்பாக வெளியான இவ்விளையாட்டு கதைக்குப் பெயர்பெற்றது. அதன் முதற்பகுதி கஸ்ட்ரம் மெரிடியானம், பிரிட்டோரியம் என்ற இரண்டு எண்மர் நிலவறைகளில் நிறைவுறும். கதையின் உச்சக் காட்சிகள் அந்நிலவறைகளின் உள்ளேயே இடையிடையே வரும்.

புதியவருக்குக் குழு கிடைக்க வேண்டும் என்பதற்காக, ஏற்கெனவே முடித்த பழையவர்கள் நாள்தோறும் இங்கு வந்தால் பரிசு உண்டு என்று நிறுவனம் வைத்திருந்தது. பழையவர்கள் வந்தனர். இடைக்காட்சிகளைத் தாண்டி ஓடினர். இதற்காகவே பல வாரம் ஆடிவந்த புதியவர் காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கையில், அப்பால் எதிரி வீழ்ந்து முடிந்திருப்பான். காட்சி முடிந்து கண்விழித்தால் வெற்று மண்டபம். கதையைப் பார்ப்பதா, போரில் பங்கேற்பதா என்று அவர் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. புதியவர் இருப்பதைக் கண்டு காத்திருந்த குழுக்களும் இருந்தன. ஆனால் எட்டுப் பேரில் ஒருவர் ஓடத் தொடங்கினாலே மற்றவர் பின்தொடர வேண்டியிருந்தது.

2018இல் நிறுவனம் ஒரு கடுமையான முடிவை எடுத்தது. இவ்விரு நிலவறைகளிலும் இடைக்காட்சிகளை எவருமே தாண்ட முடியாதபடி செய்து, நேரத்துக்கு ஈடாகப் பரிசையும் உயர்த்தியது. பிரிட்டோரியம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நீண்டது. பழையவர்கள் நூறாவது முறையாக அதே உரையாடலைக் கேட்டபடி சமையல் செய்தனர், துணி மடித்தனர். வசனங்கள் நகைச்சுவைத் துணுக்குகளாயின. புதியவரோ முதன்முறையாகத் தம் கதையின் முடிவை எட்டுப் பேருடன் கண்டனர். எழுவரின் சலிப்புக்கு ஒருவரின் முதல் அனுபவம் ஈடாகுமா என்பது மன்றங்களில் நான்காண்டுகள் ஓயாத வாதமாக இருந்தது. ஆகும் என்பதே நிறுவனத்தின் விடை. இக்கட்டுரையாளருக்கும் அதில் மாற்றுக்கருத்து இல்லை.

2022 ஏப்ரலில் 6.1 பதிப்பு இவ்வாதத்தை வேறு வழியில் முடித்தது. இரு நிலவறைகளும் நால்வருக்கானவையாகச் சுருக்கப்பட்டன. இறுதிப் போர் தனிக் கட்டமாகப் பிரிக்கப்பட்டது. விரும்பினால் மனிதர் எவருமின்றிக் கணினி இயக்கும் தோழர்களுடன் ஆடவும் வழி செய்யப்பட்டது. புதியவரை இப்போது எவரும் விட்டுவிட்டு ஓடுவதில்லை. அவருடன் எவரும் இல்லாமலும் போகலாம்.

அதே நிறுவனம் 2017 முதல் கதையைத் தாண்டிச் செல்லும் உரிமையை விலைக்கும் விற்கிறது. பிலிசார்ட் 2014இலேயே கதைமாந்தரை நேராகத் தொண்ணூறாம் நிலைக்கு உயர்த்தும் வசதியை 60 டாலருக்கு விற்றது. பணம் கொடுத்து ஒரு விளையாட்டை வாங்கி, அதை ஆடாமலிருக்க மீண்டும் பணம் கொடுப்பது விந்தையாகத் தோன்றலாம். வாங்கியோரிற் பலர் சொன்ன காரணம் ஒன்றே: நண்பர்கள் எல்லோரும் இறுதி நிலையில் இருக்கின்றனர்.

நிலை இடைவெளிக்கான தீர்வுகள்

முந்திச் சென்ற நண்பரையும் பின்தங்கிய நண்பரையும் ஒரே களத்தில் சேர்க்கும் முறையை எளிமையாகச் செய்து காட்டியது 2004இல் வெளியான சிட்டி ஆஃப் ஹீரோஸ். அதில் உயர்நிலை வீரர் ஒருவர் கீழ்நிலை நண்பரைத் தம் 'உதவியாளர்' ஆக்கிக்கொண்டால், நண்பரின் ஆற்றல் வீரரின் நிலையை ஒட்டித் தற்காலிகமாக உயரும். மறுபுறமாக, வீரர் தம் நிலையைத் தாழ்த்திக்கொண்டு நண்பரின் தெருவுக்கு இறங்கிவரவும் இயலும். ராக்னராக் ஆட்டக்காரரைப் பிரித்த விதியை இது தலைகீழாக்கியது.

2012இல் வெளியான கில்டு வார்ஸ் 2, எந்தப் பகுதிக்குச் சென்றாலும் ஆட்டக்காரரின் நிலை அப்பகுதிக்கேற்பத் தானாகவே தாழுமாறு செய்தது. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் 2018இல் ஊர்களையே ஆட்டக்காரரின் நிலைக்கேற்ப மாற்றியது. 2019இல் குழுவினரின் நிலையையும் பணிகளையும் ஒத்திசைக்கும் வசதியைச் சேர்த்தது. நிரல் எழுதுவோர் கண்ணில் இவை எளிய பெருக்கல் வகுத்தல்கள்தாம். பதினைந்து ஆண்டுகள் தாமதித்ததற்குக் காரணம் தொழில்நுட்பமன்று. நிலை என்பது உழைத்துப் பெற்ற தகுதி, அதை விட்டுக்கொடுக்க எவரும் விரும்பமாட்டார் என்ற எண்ணமே பெருந்தடையாக இருந்தது.

ஆய்வுகளும் மாற்றுக்கருத்துகளும்

ரிச்சர்டு பார்ட்டில் 1996இல் எழுதிய கட்டுரையில் ஆட்டக்காரரைச் சாதிப்போர், ஆராய்வோர், உறவாடுவோர், கொல்வோர் என நான்காகப் பகுத்தார். விரைவோரைச் சாதிப்போர் என்றும், நின்று ஆடுவோரை உறவாடுவோர் என்றும் கொள்ளும் வழக்கம் இதிலிருந்து தோன்றியது.

இவ்வழக்கம் முழுவதும் சரியன்று. சமூகவியலாளர் டி. எல். டெய்லர் எவர்குவெஸ்ட் ஆட்டக்காரரைப் பற்றி 2006இல் வெளியிட்ட நூலில், மிகுந்த ஈடுபாட்டுடன் விரைந்து ஆடுவோர் உறவுகளற்ற தனியர் என்ற கருத்தை மறுத்தார். அவர்களது வேகமே நம்பிக்கை, தகவல் பரிமாற்றம், குழாத்துப் பிணைப்பு ஆகியவற்றின் மேல் எழுந்தது என்று காட்டினார். உலகில் முதலாவதாக முடிக்கப் போட்டியிடும் குழாங்கள் ஒரு தலைமை எதிரியிடம் நூற்றுக்கணக்கான முறை தோற்பதுண்டு. அவ்வளவு முறை ஒன்றாகத் தோற்றவர்களை நண்பர் என்று அழைக்காமல் வேறெப்படி அழைப்பது?

அதே 2006இல் நிக்கொலா டூஷெனோ குழுவினர் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் வழங்கிகளிலிருந்து திரட்டிய தரவுகளைக் கொண்டு எழுதிய ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. ஆட்டக்காரர் பலர் தம் நேரத்தின் பெரும்பகுதியைக் குழு சேராமல், மற்றவர் நடுவே தனியாகவே கழிக்கின்றனர். மற்றவர் அவர்களுக்குத் தோழரைவிட, பார்வையாளராகவும் சுற்றுச்சூழலாகவும் அமைகின்றனர். மெதுவாக ஆடுபவர் அனைவரும் நண்பர்களோடு ஆடுகின்றனர் என்று கொள்வதற்கில்லை.

பைனல் பேன்டசி 14இன் இயக்குநர் நவோக்கி யோசிடா, புதிய உள்ளடக்கத்தை முடித்துவிட்டவர் சந்தாவை நிறுத்திவிட்டு வேறு விளையாட்டுகளை ஆடலாம், அடுத்த பதிப்பு வரும்போது திரும்பி வரலாம் என்று வெளிப்படையாகக் கூறிவருபவர். ஒரு வணிக நிறுவனத்திலிருந்து வரும் இக்கூற்று அரிது. விரைவோரைக் கட்டிவைக்கத் தேவையில்லை என்பது அதன் உட்பொருள். ஆயினும் அவர் திரும்பி வரும்போது, அவருடன் ஆடியோர் அங்கே இருப்பரா என்பது நிறுவனத்தின் கையில் இல்லை.

சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2012 நவம்பர் 30 அன்று மூடப்பட்டது. பின்னாளில் ஆர்வலர் சிலர் ஹோம்கமிங் என்ற பெயரில் அதன் வழங்கியைத் தாமே நடத்தத் தொடங்கினர். உரிமையாளரான என்சிசாஃப்ட் 2024 சனவரியில் அவர்களுக்கு முறைப்படி உரிமம் வழங்கியது. அங்குள்ள கதைகளிற் பெரும்பாலானவை பழையவை; வருவோரில் பலர் அவற்றை முன்பே முடித்தவர்கள். உதவியாளர் முறை அங்கு இன்றும் இயங்குகிறது.